மஞ்சள் துடுப்பும் மாப்பிள்ளை முறுக்கும்

திங்கட்கிழமை காலை, படகுத்துறைப் பலகை மேல் நின்றுகொண்டு முதலாளி, பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பவளம் காட்டும் கைடிடம் சொன்னது இதுதான்: "போன வாரம் மாதிரி நம்ம படகுல இருந்து தண்ணில இறங்கின ஆளு அடுத்த படகுல ஏறிக் கரைக்கு வந்தா, அதோட நீயும் கரையிலயே நின்னுக்க வேண்டியதுதான்."

அந்த அடுத்த படகின் கைடு யாரோ எவரோ இல்லை. அவன் சொந்தத் தங்கையின் வீட்டுக்காரன். இருவரும் ஒரே படகில் கூட்டாகத் தொழில் பார்த்த நல்ல காலத்தில் ஒரே கடையில் ஒரே மாதிரி, நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு வாங்கியிருந்தார்கள். பளிச்சென்ற மஞ்சள். தண்ணீருக்குள் போய்விட்டால் எல்லோருக்கும் கறுப்பு ரப்பர் உடுப்பு, முகமூடி, வாயில் குழாய். பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. ஆகவே, "மஞ்சள் துடுப்பைப் பார்த்தபடியே பின்னால வாங்க" என்பதுதான் பயணிகளுக்கு முதல் பாடம்.

ஒருநாள் மாப்பிள்ளை பயணிகள் முன்னால், "எங்க மச்சானைத் தண்ணிக்குள்ள விட்டா, மீன்கிட்ட வழி கேட்டுத்தான் படகுக்கு வருவாரு" என்று ஒரு போடு போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. படகு இரண்டானது, பேச்சு நின்றது. துடுப்பை மட்டும் யாரும் மாற்றவில்லை. நான் ஏன் மாற்ற வேண்டும் என்று அவன். நான் ஏன் மாற்ற வேண்டும் என்று இவன்.

அந்தப் பக்கத்தில் பார்க்கத் தகுந்த பவளத்திட்டு ஒன்றே ஒன்று. முதலில் இறங்குகிறவனுக்குக் கண்ணாடி மாதிரித் தண்ணீர். பின்னால் இறங்குகிறவனுக்கு முன்னவர்கள் கிளப்பிவிட்ட மணல். இருவரும் முட்டி மோதிக்கொண்டு ஒரே நேரத்தில் இறங்கினார்கள்.

முதலாளியின் வார்த்தை காதில் குத்திக்கொண்டே இருந்ததால், அன்று கைடு நிமிடத்துக்கு ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தபடியே நீந்தியதில் கழுத்து பிடித்துக்கொண்டது. வந்தவர்களில் ஒருவர் மீனுக்குப் போட இடுப்பில் ரொட்டி முடிந்துகொண்டு வந்திருந்தார். இன்னொருவர் படம் எடுக்கப் பவளத்தின் மேலேயே ஏறி நின்றார். "அது கல்லு இல்லைங்க, உசிரு" என்று மேலே வந்து சொன்னதற்கு, "தண்ணிக்குள்ளயே சொல்லியிருக்கலாமே" என்றார். வாயில் குழாயை வைத்துக்கொண்டு எந்த வாயால் சொல்வது?

செவ்வாய் மாலை, மாப்பிள்ளை கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத் தங்கை வீட்டுக்குப் போனான்.

"துண்டுத் துணி ஏதாவது இருந்தாக் குடும்மா. பளிச்சுனு இருக்கணும். முதுகு சிலிண்டர்ல கட்டிக்கிட்டா ஜனங்களுக்கு என்னை அடையாளம் தெரியும்."

"துடுப்பை மாத்தினா ஆகாதாண்ணே?"

"உன் புருஷன் மாத்தட்டும்."

"அவரும் இதையேதான் சொல்றாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்குத்தான் மண்டை காயுது!" என்றவள், உள்ளே போய்ப் பழைய ஜன்னல் திரையிலிருந்து சரக்கென்று ஒரு பட்டை கிழித்துக்கொண்டு வந்து கையில் திணித்தாள். பெரிய பெரிய ஆரஞ்சுப் பூ. கடலில் அரை மைல் தள்ளியும் தெரியும்.

புதன்கிழமை, "மஞ்சள் துடுப்பு, முதுகுல பூப்போட்ட துணி. அதை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க" என்று பாடத்தைத் திருத்திச் சொல்லிவிட்டு நிம்மதியாக இறங்கினான். அன்று வந்தவர்களில் ஒரு வங்கி மேனேஜரும் அவர் மனைவியும் கைகோத்துக்கொண்டே நீந்தினார்கள். பவளத்திட்டின் நடுவே ஒரு சந்து. ஒவ்வொருவராகத்தான் நுழைய முடியும். இவன் கூட்டம் நுழைந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் கூட்டமும் நுழைந்தது. மணல் கிளம்பிக் கண் மறைந்தது. தெளிந்ததும் கைடு தலைகளை எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது. மேனேஜரும் ஒரு கையைக் கெட்டியாகப் பிடித்தபடிதான் வந்துகொண்டிருந்தார்.

படகில் ஏறி முகமூடியைக் கழற்றியதும் மேனேஜர் அலறினார். அவர் பிடித்திருந்த கைக்குச் சொந்தக்காரன் மீசை வைத்த ஒல்லிப் பையன்.

"நீ யாருய்யா? என் சம்சாரம் எங்க?"

"நீங்கதான சார் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தீங்க! பயந்த ஆளு போலன்னு நானும் விட்டுட்டேன்."

கைடு பதறிப்போய் எதிர்ப் படகைப் பார்த்தான். அங்கே மேனேஜரின் மனைவி துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். உயிர் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. அவள் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் சிலிண்டரில் அதே ஆரஞ்சுப் பூ! தங்கை அவனுக்கும் ஒரு பட்டை கிழித்திருக்கிறாள்.

கரையில் முதலாளி காத்திருப்பார். அதற்குள் ஆளை மாற்றியாக வேண்டும். கைடு தன் படகோட்டியிடம், "அந்தம்மாவை அனுப்பச் சொல்லுப்பா" என்றான்.

அந்தப் பக்கம் மாப்பிள்ளை தன் படகோட்டியிடம், "கேக்கிறவங்க நேரா கேக்கட்டும்னு சொல்லு" என்றான். இரண்டு படகுக்கும் இடையில் இருந்தது கூப்பிடு தூரம்தான்.

"உங்க குடும்பச் சண்டையைக் கரையில வச்சுக்குங்கய்யா!" மேனேஜர் துள்ளினார். "என் பொண்டாட்டியைக் குடுங்க!"

"மாப்பிள்ளை!" என்று கத்தினான் கைடு. எத்தனையோ மாதம் கழித்து வந்த வார்த்தை.

"வாய் தொறந்தாச்சா மச்சான்? அது சரி, எங்க வீட்டுத் திரை உங்க முதுகுல எப்படி?"

"என் தங்கச்சி வீட்டுத் திரை. முதல்ல ஆளை அனுப்புங்க. நாளையிலிருந்து நீங்க முதல்ல இறங்குங்க. நீங்க மேல வந்தப்புறம் நான் இறங்கறேன். இனி இந்தக் கூத்து வேண்டாம்."

மணல் தண்ணீரைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். வேலை மிஞ்சினால் போதும். ஆட்கள் படகு மாறினார்கள். கரையில் முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை இரண்டு படகும் திட்டுக்கு வந்தன. கைடு காத்திருந்தான். மாப்பிள்ளை இறங்கவில்லை.

"இறங்குங்க மாப்பிள்ளை."

"பெரியவங்க நீங்க இருக்கீங்க. நான் முந்தினா உங்க தங்கச்சி வீட்டுல அடுப்புப் பத்த வைக்க மாட்டேன்னுட்டா."

"சொன்னாச் சொன்னதுதான். நீங்க இறங்குங்க."

"அட, நீங்க இறங்குங்க மச்சான்."

வெயில் ஏறியது. ரப்பர் உடுப்புக்குள் பயணிகள் அவிந்துகொண்டிருந்தார்கள். "யாராவது ஒருத்தர் குதிச்சுத் தொலைங்களேன்!" என்று ஒரு குரல் கெஞ்சியது.

இந்த முறுக்கோடு முட்டிக்கொள்ள முடியாது என்று கைடு குதித்தான். அதே நொடி அந்தப் பக்கமும் தொபீரென்று ஒரு சத்தம். இருவரும் எதிரெதிரே தலை தூக்கினார்கள். கைடுக்கு வந்த கோபத்தில் கடலே கொதித்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை முதுகுப் பக்கம் கையை விட்டுத் தன் பூத்துணியை அவிழ்த்து நீட்டினான். "இதையும் நீங்களே கட்டிக்குங்க. நீங்க மேல வர்ற வரைக்கும் நான் படகுல ஏறி உக்காந்துக்கறேன். வழி தெரியாதவருக்கு அடையாளம் ரெண்டா இருக்கட்டும்."

கைடு பல்லைக் கடித்துக்கொண்டு அதை வாங்கிக் கட்டிக்கொண்டான். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் அவனுடைய ஆட்களே.