கூரைமேல் மூன்று முதலாளிகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாளி வறுத்த கோழியோடு கிடைத்தது. கோழி வாங்கி வந்தவர் வெண்டல் டட்டில், எங்கள் வடக்கு ஃபுளோரிடா ஊரில் கூரை போடும் கம்பெனி வைத்திருப்பவர். வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன் அவருடைய ஆள் ரிகோ. பக்கத்து நாற்காலியில் நான். அதே ஊரில் காப்பீடு விற்றுப் பிழைக்கிறேன். எந்த விருந்திலும் "தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு" என்று வாயைத் திறந்தேனோ இல்லையோ, பக்கத்தில் இருப்பவர் தட்டோடு எழுந்து போய்விடுவார். நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள். நன்றி.

அந்த நன்றிக்காக, இந்தக் கதையில் உங்களுக்குப் பத்துச் சதவீதப் பங்கு தருகிறேன். இனி நீங்கள் இதன் துணைத் தலைவர்.*

(* சும்மா தரவில்லை. காரணம் மூன்றாம் பகுதியில்.)

2

முதல் ஆரம்பம்:

மழை விட்டிருந்தது. ஈரக் கூரையின் விளிம்பில் நின்ற ரிகோ, தன் மகளின் முகத்தை நினைத்தபடி மெல்லக் காலை

(இல்லை. ரிகோவுக்கு மகள் கிடையாது. மழையும் இல்லை. அவன் கூரையிலிருந்து விழவும் இல்லை.)

நடந்தது இதுதான். சாப்பாட்டு வேளையில் ஏணி வழியாகப் பத்திரமாக இறங்கி வந்தான். வண்டியின் பின்பக்கம் ஏறி ஐஸ் பெட்டியை எடுத்தான். அதைக் கட்டிக்கொண்டு கீழே குதித்தான். வலது குதிகால் எலும்பு நொறுங்கிப் போனது. உயரம் மூன்றடி. எழுதுகிறவனுக்கு இது பெரிய அவமானம். இரண்டு மாடியாவது வேண்டாமா? ரிகோவிடமே கேட்டுவிட்டேன்.

"வேணும்னா ஏத்திக்கோங்க சார். வலி என்னவோ இவ்வளவுதான்" என்றான்.

ஏற்றவில்லை.

3

இனி கொஞ்சம் கட்டுரை. கொட்டாவி விட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மாநிலத்தில் கட்டட வேலையில் ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் முதலாளி அவனுக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும். கட்டணம் சம்பளத்தையும் வேலையின் ஆபத்தையும் பொறுத்தது. கூரை ஏறுகிற ஒருவனுக்குக் கட்டுகிற பணத்தில், நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதும் ஒரு தெருவையே காப்பீடு செய்துவிடலாம். ஆனால் ஒரு சந்து இருக்கிறது. கம்பெனியில் பத்தில் ஒரு பங்காவது வைத்திருக்கும் நிர்வாகி, "எனக்கு வேண்டாம்" என்று அரசுக்கு எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். மூன்று பேர் வரை அனுமதி. விலகியவர் விழுந்தால், விழுந்ததுதான்.

வெண்டலிடம் கூரை ஏறுகிறவர்கள் அவரையும் சேர்த்து மூன்றே பேர். கண்கள் பளிச்சிட்டிருக்க வேண்டும்.

"இன்னையிலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் வைஸ் பிரசிடென்ட்டுங்க" என்று ரிகோவையும் எல்வுட்டையும் கூப்பிட்டுச் சொன்னார். எல்வுட் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், அதனால் மரியாதை குறைவு.

"சம்பளம் ஏறுமா?"

"பதவி ஏறுதுல்ல. அப்புறம் என்னடா?"

"தொப்பியாவது குடுப்பியா?"

கொடுத்தார். 'துணைத் தலைவர்' என்று நூலில் பின்னிய தொப்பி. ரிகோ வண்டியிலிருந்து குதித்தபோது தலையில் அதுதான் இருந்தது. தொப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

(இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். இந்தக் கதையின் நீளமான வாக்கியம் ஒன்றில் தடுக்கி விழுந்தீர்களானால், என்மேல் வழக்குப் போட முடியாது.)

4

ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம்.

"வைத்தியச் செலவு யாரு பாஸ் குடுப்பாங்க?" என்று கேட்டான் ரிகோ.

வெண்டல் கோழிக்காலைப் பார்த்தார். "நீ ஓனருப்பா. ஓனருக்குக் கிடையாது."

"நான் ஓனரா?"

"பேப்பர்ல."

"பேப்பர்ல ஓனரு, ஏணியில கூலியா?"

ஜன்னல் ஓரம் நின்றிருந்த எல்வுட் அப்போதுதான் வாய் திறந்தார். "ஓனர்னா ஓட்டு இருக்குமே, வெண்டல்?"

வெண்டல் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். நானும்தான்.

5

வெண்டலை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசை ஒட்டவில்லை. தினமும் கோழி வாங்கி வந்தவர் அவர். காப்பீடே எடுக்காமல் பாதி விலைக்குக் கூரை போடுகிறவர்களிடம் வேலைகளைப் பறிகொடுத்து நொந்தவர். கெட்டிக்காரத்தனம்தான் அவருடைய நோய். அதிலும் ஒரு கணக்கை விட்டுவிட்டார்.

கம்பெனி தொடங்க ஆரஞ்சுத் தோட்டம் விற்ற பணத்தைப் போட்டவள் அவர் மனைவி மார்வா. நூற்றில் அவளுக்கு முப்பத்தைந்து பங்கு, இவருக்கு அறுபத்தைந்து. துணைத் தலைவர்களுக்கு இருபதைத் தன் பங்கிலிருந்து அள்ளிக் கொடுத்தார். மிச்சம் நாற்பத்தைந்து. மார்வாவும் அந்த இருவரும் சேர்ந்தால் ஐம்பத்தைந்து. கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய்க் கம்பெனியையே கைநழுவ விட்டிருக்கிறார். (கம்பெனியில் காப்பீடு உள்ள ஒரே ஆளும் மார்வாதான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறாள்.)

எல்வுட் பங்குதாரர் கூட்டம் கூட்டச் சொன்னார். கோரிக்கை ஒன்றுதான்: வெண்டல் வரி மிச்சம் பிடிக்கக் கம்பெனி பெயரில் வாங்கிய மீன்பிடிப் படகை விற்று, ரிகோவின் வைத்தியத்துக்கும், கால் தேறும்வரை சம்பளத்துக்கும் கொடுப்பது. மீதியில் ஒழுங்காகக் காப்பீடு எடுப்பது.

"படகா?" என்றார் வெண்டல். யாரோ செத்துப்போனது போலக் கேட்டார்.

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. மார்வா கை தூக்குகிறாள். படகு போகிறது. வெண்டல் கரையில் நின்று

ஆ. மார்வா கை தூக்கவில்லை. வீட்டில் சமாதானம் வேண்டுமே. ரிகோ

இ. அதற்குள் வெண்டல் படகை மச்சான் வீட்டுக் கொட்டகையில் ஒளித்து

மார்வாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மூணுலயும் என் கை இருக்கு. அவர் படகு இருக்கு. அந்தப் பையன் காலு எங்கே?"

வெட்கமாக இருந்தது. ரிகோவைப் பார்க்கப் போனேன்.

நடக்கலாம், ஆனால் சரிவில் இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் சரிவில் நிற்பது.

"உக்காந்து பாக்குற வைஸ் பிரசிடென்ட் வேலை எதுனா இருக்குமா சார்?" என்று கேட்டான். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

7

கூட்டம் வெண்டலின் வண்டிக் கொட்டகையில். கதவுக்கு வெளியே படகு, வெயிலில் மினுமினுத்துக்கொண்டு. வெண்டல் எல்லாருக்கும் கோழி வாங்கி வைத்திருக்கிறார். யாரும் தொடவில்லை.

இதற்கு மேல் எழுத மார்வா விடவில்லை. "என் கையை நீ தூக்கவும் வேணாம், இறக்கவும் வேணாம். கதையில என் முப்பத்தஞ்சையும் படிக்கிறவங்ககிட்டயே குடுத்துடு. ஊரான் படகுன்னா எல்லாரும் நியாயமாத்தான் இருப்பாங்க. அவங்க வீட்டுக்காரர் படகுன்னு நெனச்சுக்கிட்டு தூக்கச் சொல்லு."

அந்த ஓட்டை நான் போடக் கூடாது. காப்பீடு எடுத்தால் எனக்குத் தரகு உண்டு.

ஆகவே முதல் பகுதியில் நான் தந்த பத்தை மறந்துவிடுங்கள், அது என் குறும்பு. இந்த முப்பத்தைந்து நிஜம். வெண்டல் உங்களைத்தான் பார்க்கிறார். உங்களோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறவர். எல்வுட் கை தூக்கிவிட்டார். ரிகோவும் எழுந்து நின்று தூக்கிவிட்டான். ஊன்றுகோல் பிடிக்க வேண்டிய கை அது. ஒற்றைக் காலில் நிற்கிறான்.

கொஞ்சம் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். அவனால் அப்படி ரொம்ப நேரம் நிற்க முடியாது.