ஓரகத்தியின் இரண்டாவது வரி

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது.

கல்கத்தாவில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு நேர் மேல்வீட்டில் ஒரு பெண்மணி இருக்கிறாள். தினமும் காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத உட்காருகிறாள். அந்த இழுவைச் சத்தம் என் தலைக்கு மேலே கேட்கும். கீழே நானும் என் மேஜை முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். அவளிடமிருந்து வருஷத்துக்கு ஒரு புத்தகம் வருகிறது. என்னிடமிருந்து காலி டீக்கோப்பைகள் வருகின்றன. வயிறு எரிகிறது, வேறெப்படிச் சொல்ல?

நல்ல மனுஷர்கள் இந்த மாதிரிச் சமயத்தில் காலாற நடந்துவிட்டு வருவார்கள். நான் அவளைப் பிடித்துக் கதைக்குள் போட்டேன். தொடக்கம் மட்டும் சரியாக அமையவில்லை.

சுனந்தா மஜும்தார் ஜன்னலோரம் நின்று மழையைப் – [வேண்டாம். எழுத வராத எழுத்தாளர்கள் எல்லாரும் கதைகளில் ஜன்னலோரம்தான் நிற்கிறார்கள். இங்கே தை மாதத்தில் மழையும் கிடையாது.]

வெள்ளைத் தாள் சுனந்தாவை முறைத்துப் – [தாளுக்கு ஏது கண்?]

சுனந்தாவுக்கு அவளுடைய ஓரகத்தி ஜூமாவைப் பிடிக்காது.

இது இருக்கட்டும்.

2.

சுனந்தா மஜும்தார் வீட்டின் மூத்த மருமகள். இரண்டு நாவல்கள் எழுதிப் பெரிய பெயர் வாங்கியவள். மூன்றாவது வரவே இல்லை. விடியலில் எழுந்து பார்த்தாள். மேஜையை வடக்கே திருப்பினாள், பிறகு கிழக்கே திருப்பினாள். விலையுயர்ந்த பேனா வாங்கினாள். அந்தப் பேனாவால் இதுவரை மளிகைச் சீட்டுதான் எழுதியிருக்கிறாள்.

ஜூமா இளைய மருமகள். குழந்தைகள் பத்திரிகைக்குப் பேய்க்கதை எழுதுகிறாள். மேஜை கிடையாது. குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே, அடுப்படியில் நின்றபடி, போனில் தட்டிவிடுவாள். ஒரு நாள்கூட விட்டதில்லை. ஒருமுறை சுனந்தா மானத்தை விட்டுக் கேட்டேவிட்டாள்.

"எப்படிடீ உன்னால மட்டும் தினமும் முடியுது?"

"பல்லு வெளக்கற மாதிரிதான் திதிபாய்.* இன்னைக்குப் பிரமாதமா வெளக்கணும்னு யாராவது நெனச்சுக்கிட்டு உக்காருவாங்களா? வெளக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

அன்று முழுக்கப் பல் விளக்கும்போதெல்லாம் சுனந்தாவுக்கு எரிச்சலாக வந்தது.

[* மேல்வீட்டுக்காரி படிக்கட்டில் வைத்து என்னிடம் சொன்ன பதில் இது. ஒரு வார்த்தை மாற்றலாம் என்று பார்த்தேன். மாற்ற இடமில்லை. 'திதிபாய்' மட்டும் நான் சேர்த்தது. மூத்த ஓரகத்தியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.]

இந்த நிலையில்தான் பத்திரிகை ஆசிரியர் அனிமேஷிடமிருந்து போன் வந்தது. வங்காளத்தில் துர்கா பூஜை மலரில் நாவல் வராத எழுத்தாளரை அந்த வருஷம் ஊர் மறந்துவிடும்.

"சுனந்தாக்கா, மலருக்குப் பேர் அறிவிக்கப் போறோம். முதல் அத்தியாயமாவது கையில வந்தாத்தான் உங்க பேரைப் போட முடியும்."

"வந்துரும் அனிமேஷ்."

"மூணு வருஷமா வந்துக்கிட்டேதான் இருக்கு. சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை வரைக்கும் பாக்கறேன். இல்லேன்னா... தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க வீட்டுலயே ஜூமா இருக்காங்களே, அவங்களக் கேக்கலாமான்னு..."

சுனந்தா "தாராளமா கேளுங்க" என்று சொல்லி போனை வைத்தாள். அதற்குப் பிறகு அரைமணி நேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

3.

ஜூமாமேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருப்பாளா? வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று கொஞ்சம் கெட்டவளாக்கிப் பார்த்தேன்.

யாரும் பார்க்காத நேரத்தில் ஜூமா, சுனந்தாவின் பழைய கைப்பிரதியை எடுத்து – [எதற்கு எடுக்க வேண்டும்? தினமும் ஊறும் கிணறு வைத்திருப்பவள் பக்கத்து வீட்டுக் குடத்தைத் திருடுவாளா?]

தலைவலி கொடுத்தேன். துண்டைக் கட்டிக்கொண்டு எழுதினாள். ஊரிலிருந்து விருந்தாளிகளை வரவழைத்தேன். அவர்களையே பேயாக்கி எழுதிவிட்டாள். என் கதைக்குள் இருந்துகொண்டு என்னைவிட அதிகமாக எழுதுகிறாளே என்று அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் எனக்குக் கைகொடுத்தது சரஸ்வதிதான்.

4.

சரஸ்வதி பூஜையன்று வங்காளத்தில் யாரும் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. புத்தகமும் பேனாவும் தேவி காலடியில் இருக்கும். மறுநாள் காலை தயிரும் பொரியும் படைத்து, வில்வ இலையில் நாணல் பேனாவால் தேவியின் பெயரை எழுதிய பிறகுதான் எடுக்கலாம். அந்த வருஷம் சுனந்தா அந்த நாளுக்காகக் குழந்தைபோலக் காத்திருந்தாள். அன்று ஒரு நாள் ஜூமாவும் எழுதமாட்டாள், அவளும் எழுதமாட்டாள். அன்று இருவரும் சமம்.

அதிகாலையில் மஞ்சள் புடவையோடு வீடு முழுக்கச் சுற்றிப் பேனா, பென்சில், பிள்ளைகளின் சாக்பீஸ் எல்லாவற்றையும் வாரி வந்தாள். அப்படியும் மனசு ஆறவில்லை.

"போனையும் வைங்க எல்லாரும்" என்றாள்.

"போன் எதுக்கு அண்ணி?" என்றான் ஜூமாவின் புருஷன்.

"அதுலயும் எழுதறாங்கல்ல?"

யாரைச் சொல்கிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஜூமா சிரித்துக்கொண்டே தன் போனைத் தேவியின் அன்னப்பறவைக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டாள். சுனந்தா தன்னுடையதையும் வைத்தாள். இத்தனை திருப்தியாக அவள் எந்தப் பூஜையும் செய்ததில்லை.

மத்தியானம் விருந்தாளிகளுக்கு அரிசியும் பருப்பும் போட்டுக் கிச்சுரி கிண்டிக்கொண்டிருந்தபோது அது வந்தது. மூன்று வருஷத்தில் முதல் வரி.

திருடன் வந்துபோன மறுநாள், வீட்டில் சாமான்களை எண்ணி முடித்த பிறகு, ஆட்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்கள்.

நாவல் முழுவதும் அந்த வரிக்குப் பின்னால் வரிசையில் நிற்பதுபோல அவளுக்குத் தோன்றியது. எழுதி வைக்கத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை. கரித்துண்டுகூட இல்லை, கேஸ் அடுப்பு.

[தேவி காலடியிலிருந்து ஒரு பேனாவை நைசாக எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் எடுக்கச் சொல்லி எழுதினேன். அவள் கை நகரவில்லை. மூன்று வருஷம் வரம் கேட்டுவிட்டு, கொடுத்த அன்றே அந்த வீட்டில் திருடுவதா?]

5.

"இன்னும் கொஞ்சம் கிச்சுரி", "இலந்தைப் பழச் சட்னி எங்கே" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு வார்த்தை நழுவியது. எண்ணி முடித்த பிறகா, எண்ணிய பிறகா? மறுநாளா, அன்றைக்கேவா? சுனந்தாவின் உதடு அசைவதை ஜூமா பார்த்துவிட்டாள்.

"என்ன திதிபாய், மந்திரமா?"

"ஒரு வரி." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜூமா கரண்டியைக் கீழே வைத்தாள். "வந்துருச்சா? நாவலுக்கா? குடுங்க எங்கிட்ட. போனைப் பிடுங்கிட்டீங்க, நான் காலையிலேருந்து வாயிலயே எழுதிக்கிட்டிருக்கேன். அது கூட இதையும் வெச்சுக்கறேன், நாளைக்குத் திருப்பித் தரேன்."

"திருப்பித் தருவியா?"

"இது என்ன புடவையா திதிபாய், கட்டிப் பாத்துட்டுத் தர?"

சொல்லாவிட்டால் வரி சாயங்காலத்துக்குள் போய்விடும். சொன்னால் அவளிடம் போய்விடும். சுனந்தா அடுப்பை அணைத்துவிட்டு, ஜூமாவின் காதில் சொன்னாள். பெற்ற பிள்ளையை ஓரகத்தி மடியில் கிடத்துவதுபோல இருந்தது.

மறுநாள் தயிர்ப் பூஜை முடிந்தது. சுனந்தா வில்வ இலையில் தேவியின் பெயரை எழுதினாள். குங்குமம் அப்பிய தன் பேனாவை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். திருடன்... மறுநாள்... எண்ணி... மற்றதெல்லாம் போய்விட்டிருந்தது.

ஜூமா தயிர்க் கிண்ணத்தோடு வாசற்படியில் வந்து நின்றாள். வரியை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். சுனந்தாவுக்குக் கண் நிறைந்தது. அத்தோடு போயிருக்கலாம்.

"ராத்திரி சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்தேனா, அடுத்ததும் தானா வந்துருச்சு. வேணும்னா எடுத்துக்கோங்க, வேணாம்னா விட்டுருங்க."

"என்ன?"

"ஓர் ஆள் கூடுதலாக இருந்தது."

கட்டிப் பார்த்துவிட்டாள். அவளுக்குத்தான் கச்சிதமாக இருந்தது.

தேவியின் காலடியில் கிடந்த போன்களில் ஒன்று அடிக்கத் தொடங்கியது. அனிமேஷ்.

6.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

சுனந்தா இரண்டு வரிகளையும் எழுதுகிறாள். நாவல் மலரில் வருகிறது. மதிப்புரை எழுதிய அத்தனை பேரும் இரண்டாவது வரியைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அவள் வாழ்நாள் முழுக்க –

சுனந்தா தன் வரியை மட்டும் எழுதுகிறாள். அதற்கப்புறம் எதை எழுதினாலும் அந்த இன்னொரு வரிக்குப் பக்கத்தில் சோப்ளாங்கியாக நிற்கிறது. தாளைக் கிழித்து –

சுனந்தா ஜூமாவைக் கட்டிப்பிடித்து, "ரெண்டையும் நீயே வெச்சுக்கோ, மலர்ல உன் பேரு வரட்டும்" என்று – [பொய். அவள் சொல்லமாட்டாள். நானும் சொல்லமாட்டேன்.]

7.

நேற்று மேல்வீட்டுக்காரி படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ பேனா சத்தமே கேக்கலியே, என்ன எழுதறீங்க?"

"ஒரு கதை. முடிவு மட்டும் பிடிபடலை."

"சொல்லுங்களேன். காய் நறுக்கும்போது யோசிச்சு வெக்கறேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யோசித்து வைப்பாள், எனக்குத் தெரியும். அதுதான் சரியான முடிவாகவும் இருக்கும். வேலை இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். போன் அடித்துக்கொண்டிருக்கிறது. ஜூமா கிண்ணத்தோடு நிற்கிறாள். சுனந்தா முதல் வரியை எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள். பேனா இன்னும் தாளைவிட்டு எழவில்லை. அடுத்ததை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். அது நன்றாக வந்துவிட்டால், தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.