எல்லாக் கதவும் நீலம்

என் மச்சானுக்கு எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான், வேலை செய்து பிழைப்பது. அதனால்தான் படகுத்துறைச் சந்தையின் பாரம்பரியக் குழுவுக்கு அவரைச் செயலாளர் ஆக்கினார்கள்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாம். ஆற்றோரக் கிடங்குகளின் கதவுகள் அத்தனைக்கும் நீலம் அடித்தார். என் தேயிலைக் கிடங்கின் கதவு அதுவரை பச்சை. பக்கத்துக் கருவாட்டுக் கிடங்கு சிவப்பு. எழுத்துத் தெரியாத சுமைக்காரர்கள் மூன்று தலைமுறையாக நிறத்தைப் பார்த்துத்தான் சரக்கை இறக்கினார்கள். இது தெரிந்தும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட மகா புத்திசாலி நான். "அண்ணன் கேக்குறார்" என்றாள் மனைவி. மாடு மாதிரி தலையாட்டினேன்.

காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தால், என் நாற்பது பெட்டித் தேயிலைக்கு நடுவே முப்பது மூட்டைக் கருவாடு. தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும். ஒரு வருஷப் பிழைப்பு நாறிக் கிடந்தது.

கிடங்குச் சாவிகள் எல்லாம் சுமைக்கார மேஸ்திரியிடம்தான் இருக்கும். கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் ஒரே நீலமா இருந்துச்சுங்க. யாரோ ஒரே மொதலாளி மொத்தத்தையும் வாங்கிட்டாருன்னு நெனச்சேன். பக்கத்துக் கிடங்குல எடம் பத்தல, மிச்சத்தை இங்க போட்டேன்."

அவரை என்ன திட்டுவது? அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்தை அழித்தவர்களில் நானும் ஒருவன்.

அன்றைக்கென்று பார்த்து, வருஷாவருஷம் என்னிடம் மொத்தமாக எடுக்கும் வியாபாரி வந்து நின்றார். பின்னாலேயே மச்சான், சுற்றிப் பார்க்க வந்த இருபது பேரை ஓட்டிக்கொண்டு வந்தார். நூறு வருஷத்து வணிக வாசனை இது, நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த இருபது பேரும் கண்ணை மூடிக்கொண்டு கருவாட்டை இழுத்தார்கள். ஒரு அம்மாளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வியாபாரி ஒரு பிடி இலையை முகர்ந்தார். திரும்பப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, நீலக் கதவைப் பார்த்தபடி கைக்குட்டையில் விரலைத் துடைத்தார்.

"கதவு பச்சையானதும் சொல்லி அனுப்புங்க, வரேன்."

அவர் படி இறங்கும் முன்பே பெயிண்ட் வாங்கப் போனேன். நான் பச்சை அடிக்க அடிக்க மச்சான் குதித்தார். குழுவின் விதி, அபராதம், என் மானம் போச்சு மாப்பிள்ளை என்று என்னென்னவோ சொன்னார். கடைசியில், நீயாவது சொல்லு என்று, எனக்கு உதவிக்கு வந்திருந்த தன் தங்கையிடம் திரும்பினார்.

அவள் பெயிண்ட் டப்பாவை எனக்கு எட்டும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓரமா நில்லுங்கண்ணே. சட்டையில பட்டுடும்."