தூங்குமூஞ்சியின் வரப்பு

வெள்ளரிக்காரியின் நாத்தனாருக்குக் கை சும்மா இருக்காது. விருந்தாளியாக வந்த வீட்டிலும் விளக்குமாற்றைத் தேடுகிற ரகம். கம்பெனியிலிருந்து வயலைப் பார்க்க ஆள் வருகிறார் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், விடிந்ததும் விடியாததுமாகப் போய், வரப்போரம் இடுப்பளவு நின்ற களையை வேரோடு பிடுங்கிக் குவித்துவிட்டாள்.

பின்னால் வந்து பார்த்த வெள்ளரிக்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இப்ப எப்படி இருக்கு பாரு! அப்படியே கிடந்திருந்தா வர்ற மனுஷன் உன்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பான்? மானமே போயிருக்கும்," என்றாள் நாத்தனார்.

"ஐயோ அக்கா, அது தேனீ வர்றதுக்குன்னு விட்டு வெச்சது. அதைப் பார்க்கத்தான் அவரு வர்றாரு!"

நாத்தனார் சிரித்தாள். களையைப் பார்க்க ஒருத்தன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வருவானாம்.

ஒப்பந்தம் அப்படித்தான். வயலை ஒட்டி மருந்து படாமல், அரிவாள் படாமல் ஒரு பட்டை நிலம் பூத்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி காயைத் தொடாது. விரல் நீளத்தில் பறித்து, பாட்டிலில் ஊறப்போட்டுக் கப்பலேற்றுகிற வெள்ளரி அது. உள்ளூர்ச் சந்தையில் சீந்த ஆள் கிடையாது. கணவன் தலைபாடாய் அடித்துக்கொண்டும் கேளாமல் மொத்த நிலத்திலும் அதையேதான் போட்டிருந்தாள். முதல் பறிப்பு அடுத்த வாரம்.

ஆய்வாளர் வந்து மொட்டை வரப்பைப் பார்த்தார். "பூவெல்லாம் எங்கம்மா?"

நாத்தனார் முந்திக்கொண்டு குவியலைக் காட்டினாள். "அதோ கிடக்கு சார். ஒண்ணு விடல."

அப்போது வெள்ளரிப் பூவிலிருந்து ஒரு தேனீ எழும்பி வேலிக்கு அந்தப் பக்கம் போனது. ஆய்வாளரின் கண்ணும் கூடவே போனது. அது தூங்குமூஞ்சியின் நிலம். உழுது பல வருஷமாகிப் புதரும் பூவுமாக மண்டிக்கிடந்தது. மரத்தடியில் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். களை விதை தன் வயலில் வந்து விழுகிறதென்று வெள்ளரிக்காரி அவனைத் திட்டாத நாளில்லை.

ஆய்வாளர் போய் எழுப்பினார். அவன் பதறிப்போனான். "நாளைக்கே சுத்தம் பண்ணிடறேன் சார்!"

"தொட்டுடாதீங்க!" என்றவர் வெள்ளரிக்காரியிடம் திரும்பினார். "பட்டை யாரோடதா இருந்தாலும் சரிம்மா, பூ இருந்தாப் போதும். பறிக்கிற அன்னைக்கு வருவேன். இப்படியே இருந்தா காயை எடுத்துக்கறோம்."

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் தூங்குமூஞ்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு ஆபீசர் வந்து எழுப்பும்படி ஆகிவிட்டதே! பிறந்ததிலிருந்து வராத ரோஷம், வந்த நேரத்தைப் பாருங்கள். மறுநாள் காலை மண்வெட்டியும் கையுமாக நின்றான்.

வெள்ளரிக்காரி விழுந்தடித்து ஓடினாள். "அண்ணே, உங்க கால்ல வேணாலும் விழறேன், படுங்க."

"ஊரே சிரிக்குதும்மா."

"சிரிச்சிட்டுப் போகட்டும். நீங்க படுங்க."

அவன் படுத்தான். அன்றிலிருந்து வேளாவேளைக்குச் சோறும் டீயும் மரத்தடிக்கே போயின. அவன் எழுந்துவிடாமல் காவலிருக்க நாத்தனாரை உட்காரவைத்தார்கள். கண்ணெதிரே அவ்வளவு களை. கை இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

பறிப்பன்று ஆய்வாளர் வந்தார், பார்த்தார், தலையாட்டினார். காய் லாரியில் ஏறியது. வெள்ளரிக்காரி வேலியோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த உதவியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே."

தூங்குமூஞ்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"அது கிடக்கட்டும்மா. அடுத்த தடவைக்கு வேற ஆளைப் பாரு. இவ்வளவு வேலை என் உடம்புக்குத் தாங்காது."