போட்டிக்கு நின்ற அம்மாக்கள்

அன்று மாலை ஷெட்டில் இருந்தவர்கள்: தன்னைத் தானே தலைவர் என்று அறிவித்துக்கொண்ட இறுதியாண்டு மாணவர், வணிகவியல் படிக்கும், நாங்கள் ஆடிட்டர் என்று கூப்பிடும் பெண், ஷெட்டின் சொந்தக்காரரான என் சித்தப்பா, இந்தத் தொழிலுக்காகக் கல்லூரியை விட்டு, வயிற்றுக்காகப் பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்க்கும் நான். துவைக்க ஒன்று, காயவைக்க ஒன்று என்று இரண்டு இயந்திரங்களும் இருந்தன. இரண்டும் அழுக்கையே பார்த்ததில்லை.

விடுதி மாணவர்களுக்குத் துணி துவைத்துத் தருவதுதான் தொழில். வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டபோது எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். திறந்த பிறகு ஒருவரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பேருந்து நிறுத்தத்தில்தான் ஆடிட்டருக்குக் காரணம் தெரிந்தது. ஊருக்குப் போகிறவர்கள் தோளிலெல்லாம் அழுக்கு மூட்டை.

"நமக்குப் போட்டி இவங்க அம்மாங்க," என்றாள் ஷெட்டுக்கு வந்ததும். "துவைச்சு, மடிச்சு, சாப்பாடும் போட்டு அனுப்புறாங்க. யாரால ஜெயிக்க முடியும்? ஆமா, தலைவரே, உங்க சட்டைய யாரு துவைக்கிறா?"

தலைவர் மடிப்புக் கலையாத சட்டையின் கையைச் சுருட்டினார்.

"டயர் கடைக்காரர் ஷெட்டை வாடகைக்குக் கேக்குறார்," என்றார் சித்தப்பா. "இன்னைக்கே பதில் சொல்லணும். இருக்கீங்களா, காலி பண்றீங்களா?"

"விட்டுடலாம்டா," என்றார் தலைவர். "எனக்கு வேலை கிடைச்சிருச்சு. இத அனுபவம்னு வச்சுக்குவோம்."

அவருக்குப் பட்டமும் வர இருந்தது, அனுபவமும் இருந்தது. எனக்கு இந்த ஷெட் மட்டும்தான்.

"அம்மாகிட்ட மூட்டை தூக்கிட்டுப் போகாதவங்க யாருடா?" ஆடிட்டர் என்னைக் கேட்டாள்.

"எங்க கிடங்கு ஆளுங்க." வெயில் அடிக்கும்போது தூங்குகிறவர்கள். துவைத்தது காயாமல் ஈரச் சீருடையோடு வேலைக்கு வருவார்கள். நானும் அப்படித்தான்.

"கிரீஸ் துணியா?" என்றார் தலைவர். "நம்ம போர்டுல இருக்கிற லோகோ காலேஜ் பசங்களுக்குன்னு போட்டதாச்சே!"

"அதையும் சேத்து ஊற வச்சிடலாம்," என்றாள் ஆடிட்டர்.

சித்தப்பா சிரிக்கவில்லை. "வாயில துவைக்காதீங்க. துணி எங்க?"

கிடங்கு அடுத்த தெருவில்தான். ஷிப்ட் மாறும் நேரம்; அன்று எனக்கு விடுமுறை. வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டேன். சிலர் விரட்டினார்கள். மேற்பார்வை அக்கா மட்டும் தன் ஆட்கள் கழற்றிப் போட்ட அழுக்குச் சீருடைகளை ஒரே சாக்கில் திணித்துக் கொடுத்தார். "நாளைக்குக் காயாம வந்துச்சு, உன்னைக் கொடியில போட்டுடுவேன்."

சாக்கை ஷெட் தரையில் கொட்டினேன். நாற்றம் குப்பென்று கிளம்பியது. சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டே டயர்காரருக்குப் போன் போட்டார். "இப்போதைக்கு இல்லைங்க."

தலைவர் பையை எடுத்தார். "அப்பப்ப வந்து பாக்குறேன்."

"வந்தா கையுறையோட வாங்க," என்றாள் ஆடிட்டர், சட்டைப் பைகளைத் துழாவியபடி.

அவர் படியிறங்கியதும் கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டிவிட்டு, முதல் சீருடையை இயந்திரத்தில் போட்டேன்.