அம்சவேணி எடுக்காத கார்

அம்சவேணி கார் எடுத்துவிட்டாள் என்ற சேதி, அவள் வேலை முடிந்து ஊர் திரும்பும் முன்னாடியே கங்காதர நெல்லூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சித்தூரில் ஷேர் ஆட்டோ ஏறப் போனவளை, அந்த ஆட்டோவை ஓட்டுகிற அவள் ஊர்ச் சின்னப்பன் கையைக் குறுக்கே நீட்டி மறித்தான்.

"இன்னாக்கா, உனக்கு இன்னாத்துக்கு ஆட்டோ? ஏசி போட்டுக்கினு ஜம்முனு போவ வேண்டியதுதானே?"

"இன்னாடா உளர்றே? நகரு, காலு கடுக்குது."

ஆட்டோவே சிரித்தது. சின்னப்பன் தன் செல்போனை அவள் மூஞ்சிக்கு நேரே பிடித்தான். அதில் நின்றது அவளேதான். பட்டுச்சேலை, கழுத்தில் சாமந்தி மாலை, கையில் அட்டையில் செய்த பெரிய சாவி, பின்னால் சிவப்புக் கார். "ஒரு ரூவா கட்டாம காரு எடுத்துக்கினேன். நானே எடுத்துக்கினேன்னா நீங்க எடுக்க மாட்டீங்களா? வாங்க!" என்று வாய் நிறையச் சிரித்தாள் போனுக்குள்ளே இருந்த அம்சவேணி.

வெளியே இருந்த அம்சவேணி போனைப் பிடுங்கி மறுபடி ஓட விட்டுப் பார்த்தாள்.

அந்தக் கார் கம்பெனியின் சித்தூர் ஷோரூமில் அவள் கார் கழுவுகிறவள். காலையில் நுரைத் தண்ணீரில் காலை வைத்தால் பொழுது சாயும்போதுதான் எடுப்பாள். விரலிடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். போன மாசம் திருப்பதி ஆபீசிலிருந்து விளம்பரம் பார்க்கிற பவன்குமார் வந்து அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். திருமலை அடிவாரத்து அலிபிரியில், புதுக் காருக்குப் பூசை போட்டு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற இடத்தில் நிற்க வைத்தான். அவன் கடப்பாப் பக்கத்து ஆள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஷோரூமில் போன் எடுத்துப் பேசுகிற வேலையில் இருக்கும் நகரி ஊர்ப் பெண் பிரியங்காதான் கூடப் போய் அவன் சொன்னதைத் தமிழில் சொன்னாள். எதுக்கு என்று கேட்டதற்கு, ஷோரூம் டிவியில் ஓட என்றார்கள். சோபாவில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் பேசினாள். 'நானே எடுத்துக்கினேன்னா' என்றது அவளாகச் சேர்த்தது. அதற்குத்தான் பவன்குமார் கை தட்டினான்.

டிவிக்கு என்று பேசினது ஊர் போனுக்கெல்லாம் எப்படிப் போனது என்று மறுநாள் பிரியங்காவைப் பிடித்துக் கேட்டாள்.

"காசு கட்டினா எந்த ஊருக்காரங்க போன்ல விளம்பரம் வரணும்னு நாமளே சொல்லலாம்க்கா. பவன்குமார் சார் தமிழ் பேசற ஊருங்களா பார்த்துப் போட்டுக்கிறாரு. சித்தூர் சுத்தி, பாகாலா வரைக்கும்."

"அத்தைப் போன்லேர்ந்து எடுக்கச் சொல்லுடி."

பிரியங்கா திருப்பதிக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அம்சவேணி தெலுங்கில் மன்றாடினாள். "அக்கா, நீங்க ஸ்டார் ஆயிட்டீங்க! இத்தனை போன் எந்த விளம்பரத்துக்கும் வந்ததில்லை" என்று பவன்குமார் தெலுங்கில் கூவிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

ஊர் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும், உடம்பு தேய்ந்தா போகும் என்றுதான் அவள் இருந்தாள். அந்த வாரமே சின்னப்பன் ஷோரூமுக்குள் வந்து நின்றான். ஆட்டோவைக் கொடுத்துவிட்டுக் கார் எடுக்கப் போகிறானாம். கார் வைத்துத் திருப்பதிக்கு வாடகை ஓட்டப் போகிறானாம். ஒரு ரூபாயும் கட்டாமல் என்பது மாதச் சம்பளக்காரருக்குத்தான். மற்றவர்கள் கையில் இருக்கும் வண்டியைக் கொடுத்தாக வேண்டும். அது அந்த வீடியோவில் எறும்பு சைஸ் எழுத்தில் ஓடி மறைகிற சமாசாரம்.

அம்சவேணி நுரைக் கையோடு ஓடிவந்து வாசலில் அவனை இழுத்தாள்.

"வேணாம்டா. அந்த ஆட்டோதான் உங்க வூட்டுக்குச் சோறு போடுது. அத்தைக் குடுத்துட்டா நாளைக்கு இன்னாத்த ஓட்டுவே? தவணைதான் ஓடும். அதும் உன் பின்னால."

"நீ எடுத்தியே?"

"நான் எங்கடா எடுத்தேன்? பேசச் சொன்னாங்கோ, பேசினேன்."

சின்னப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "தெரியும்க்கா. கண்ணு படும்னு மறைக்கிறே. உன் மவன் அந்தக் காரைப் பெங்களூர்ல ஓட்டிக்கினு கீறான்னு ஊரே சொல்லுது. உனக்கு வந்தா நல்லது, எங்களுக்கு வந்தா வயிறு எரியுதா?"

அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இல்லை இல்லை என்று எவ்வளவு சொன்னாளோ அவ்வளவுக்கு அவள் எடுத்ததாகவே அவன் நம்பினான். அவள் ஊர்ப் பக்கத்து ஜனம் புது வண்டி எடுத்தால் திருஷ்டிக்குப் பயந்து இல்லை என்றுதானே சொல்லும். மாலை போட்டுச் சொன்ன பொய் ஏறிவிட்டது. ஈரக் கையோடு சொன்ன நிஜம் ஏறவில்லை. திங்கட்கிழமை வண்டிப் பேப்பரோடு வருகிறேன் என்று அவன் போய்விட்டான்.

'என் மூஞ்சிய வெச்சுத்தானே இந்த வேலை? இருடா பவன்குமாரு, அதே இடத்துல பேசறேன்' என்று அவளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

மகளிர் சங்கத்தில், தலை நரைக்கிற வயசில் கற்ற எழுத்து அவளுக்கு. அதுவும் தெலுங்கு எழுத்து. அந்தப் பக்கத்தில் தமிழ் வாயில்தான் இருக்கும், கையில் இருக்காது. சாப்பாட்டு நேரத்தில் சுவரோரம் உட்கார்ந்து, வெந்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, தன் பேச்சைத் தெலுங்கு எழுத்தில் அந்த வீடியோவுக்குக் கீழே போட்டாள். 'நான் காரு எடுக்கல. நான் இங்க காரு கழுவறவ. டிவிக்குன்னு சொல்லிப் பேச வெச்சாங்கோ. என்ன நம்பி யாரும் வராதீங்கோ. அம்சவேணி, கங்காதர நெல்லூரு.'

முதலில் தெருப் பெண்கள் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். 'ஆமா, எங்க தெரு அக்காதான், கையப் பாருங்க வெந்து கீது' என்று ஒருத்தி எழுதினாள். பவன்குமார் திருப்பதியில் உட்கார்ந்து பார்த்தான். தெலுங்கு எழுத்து தெரிந்தது, தமிழ் அர்த்தம் தெரியவில்லை. அம்சவேணி பேர் தெரிந்தது, கூடவே அத்தனை சிரிப்பு. ஊர் ஜனம் கொண்டாடுகிறது என்று நினைத்து, ஒரு இதயத்தைப் போட்டு, அவள் எழுதினதையே எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி ஒட்டிவைத்தான். ஜனம் எழுத எழுத விளம்பரம் இன்னும் பல ஊருக்கு ஓடியது. ராமகுப்பம் வரைக்கும் போனது. 'நல்ல வேளை சொன்னே தாயி' என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். பிரியங்காவுக்கு வந்த போனெல்லாம், "காரு கழுவற அம்மா கீறாங்களா?" என்றே கேட்டது.

திங்கட்கிழமை சின்னப்பன் பேப்பர் உறையோடு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். "காரு கழுவறவன்னு எழுதி ஊரே சேர்ந்து அக்காவுக்குக் கண்ணு கழிக்குது" என்று பிரியங்காவிடம் சிரித்துக்கொண்டிருந்தான். அப்போது பவன்குமார் திருப்பதியிலிருந்து புயல் மாதிரி உள்ளே வந்தான். யாரோ தமிழ் தெரிந்த மெக்கானிக் அவனுக்கு அர்த்தம் சொல்லியிருக்க வேண்டும்.

அம்சவேணியைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் தெலுங்கில் கத்தினான். "கார் கழுவுற ஆளு நீ! வாழ்க்கையில ஒரு கார்க் கதவைச் சொந்தமா திறந்திருப்பியா? உன்னைப் பட்டுச்சேலை கட்டி நிக்க வெச்சது நான். இப்பவே அதை அழி!"

சின்னப்பனுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தவன் அதை மூடினான்.

அம்சவேணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு தமிழில் பேசினாள்.

"அழிக்க மாட்டேன்."

"தெலுங்குல சொல்லு!"

"நீதானே தமிழ்ல பேசுன்னே? பேசறேன், கேளு. பிரியங்கா, ஒரு சொல்லு வுடாம சொல்லு அவனுக்கு. நான் காரு கழுவறவதான். அத்தைத்தான் எழுதிக்கீறேன். நீ இப்ப கத்தினதும் அதேதான். அப்புறம் இன்னாத்த அழிக்கறது?"

பிரியங்கா ஒரு சொல்லும் விடவில்லை. கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

சின்னப்பன் பேப்பரை உறைக்குள் திணித்து எழுந்தான். "வுடு சார். என் ஆட்டோ எனக்கு இருக்கட்டும்." சோபாவில் டீ குடித்துக்கொண்டிருந்த குடும்பமும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தது.

பவன்குமார் குரலை இறக்கினான். சரி, விளம்பரத்தை இப்போதே நிறுத்திவிடுகிறேன், நீ எழுதினதை எடுத்துவிடு, போதும் என்றான்.

"நிறுத்தாதே" என்றாள் அம்சவேணி. "நான் எடுத்தேன்னு எத்தினி ஊருக்குக் காசு கட்டி ஓட்டினியோ, எடுக்கலன்னும் அத்தினி ஊருக்கு ஓட்டு. அப்புறமா நிறுத்து. என்ன வேலைய வுட்டு நிறுத்தணும்னா நிறுத்திக்கோ. அத்தையும் அங்கேயே எழுதறேன்."

பிரியங்கா அதையும் தெலுங்காக்கினாள்.

அம்சவேணி பதிலுக்கு நிற்கவில்லை. பின்பக்கம் போய், நுரை பாதி காய்ந்து நின்ற காரின் மேல் குழாயைத் திருப்பினாள்.