உருகுவேயிலிருந்து வந்த பாதிப் பலகாரம்

எங்கள் ஊரில் பெண் பார்க்க மாப்பிள்ளை வருவதில்லை. அவர் வீட்டுப் பலகாரம்தான் வரும். தனியாக பஸ் ஏறி, விலாசம் விசாரித்து வந்து, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே போட்டிருக்கும் நாற்காலியில் உட்காரும். பெண் எதிரில் உட்காருவாள். அரை மணி நேரம் பேசிக்கொள்ளலாம். பிடித்திருந்தால் பெண் பலகாரத்தைக் கடிப்பாள், கல்யாணம் முடிவாகிவிடும். பிடிக்காவிட்டால் வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பிவிடுவோம். பலகாரத்துக்குப் பெண்ணைப் பிடிக்காமல் போவதும் உண்டு. அப்போது அது உட்கார்ந்த இடத்திலேயே நமுத்துப்போகும். நமுத்த பலகாரத்திடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

என் அக்கா செண்பகவல்லியைப் பார்க்க இருபத்தாறு பலகாரங்கள் வந்து போயிருந்தன. அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது, வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினாலு, எனக்கு ஒன்பது. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். தட்டில் போட்டுவிட்டு, நான் கை கழுவுகிறவரை நின்றுகொண்டே இருப்பாள். இப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது, உரக்கடையில் வேலை, இன்னும் அப்படித்தான். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருந்தது.

பயம் வந்தால் மனுஷன் என்னென்னவோ செய்வான். நான் செய்தது இதுதான். நல்ல பலகாரமாக வந்துவிட்டால், ஒரு சட்டி வெந்நீரைக் கொண்டுபோய் நாற்காலிக்கு அடியில் வைத்துவிடுவேன். ஆவி மெல்ல மேலே போகும். திருச்செந்தூரிலிருந்து ஒரு முறுக்கு வந்திருந்தது, பாங்க் குமாஸ்தா வீட்டு முறுக்கு. அது ஏதோ சொல்ல, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். இருபது நிமிஷத்தில் முறுக்கு துவண்டுவிட்டது. அதற்குப் பிறகு நாகர்கோவில் தட்டை ஒன்று. இப்படி ஐந்து பேரை அனுப்பியிருக்கிறேன். பெண் பார்க்கும் நாளிலெல்லாம் வீட்டுக்குப் பெரியவளாக வந்து உட்காருகிறவள் பேச்சியம்மாள் அத்தை, அப்பாவின் தங்கை. "இவ ராசி அப்படி" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நானும் துடைத்துக்கொள்வேன். என் கண்ணீர் ஒன்றும் பொய்யில்லை.

உள்ளூர்ப் பலகாரங்கள் வருவது நின்றுபோனதும் தரகர் வெளிநாடுகளுக்கு எழுதிப் போட்டார். துருக்கியிலிருந்து பக்லாவா பாகு சொட்டச் சொட்ட வந்தது, கூடவே பஸ் ஸ்டாண்டு எறும்புகள் அத்தனையும் வந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த முடிச்சு ரொட்டி ப்ரெட்ஸல் அரை மணி நேரமும் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. ஜப்பானிலிருந்து வந்த, கொழுக்கட்டை மாதிரியான மோச்சி நல்ல மரியாதைக்காரர். அத்தையைப் பார்த்ததும் எழுந்து வணங்கப் போய் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். அரிசி மாவு தூவித்தான் எடுத்தோம்.

அக்கா எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"உங்க வீட்ல கடைசியா யாரு சாப்பிடுவா?"

பக்லாவா யோசிக்காமல் அம்மாதான் என்றது. ப்ரெட்ஸல், இனிமேல் வரப்போகிறவள் என்றது. மோச்சி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா வெற்றிலை பாக்கு எடுக்க எழுந்துவிடுவாள். இவர்களுக்கெல்லாம் வெந்நீர் தேவைப்படவில்லை.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை உருகுவேயிலிருந்து ஒரு பலகாரம் வந்தது. உருகுவே என்றால் நாம் எழுந்து பல் விளக்கும்போது அவர்கள் படுக்கை விரிக்கிற ஊர். அத்தனை தூரம். பலகாரத்தின் பெயர் அல்ஃபஹோர். இரண்டு மெத்தென்ற பிஸ்கட்டுக்கு நடுவே திரட்டுப்பால் மாதிரி ஒன்றை வைத்து, ஓரத்தில் தேங்காய்த் துருவலில் புரட்டி எடுத்தது. பார்க்க நம் ஆள் மாதிரிதான் இருந்தது. ஆனால் வந்தது பாதிதான். மீதியை யாரோ கடித்திருந்தார்கள்.

அத்தை அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டாள். பெயர் ஒராசியோ, வயது நாற்பத்தொன்று, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார் என்றது பலகாரம். கடித்தது யார் என்று கேட்டாள். அவர்தான் என்றது. எச்சில் பண்டத்தைப் பெண் பார்க்க அனுப்புவது எந்த ஊர் மரியாதை என்று கேட்டுவிட்டு அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. சட்டியைத் தேட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா தன் கேள்வியைக் கேட்டாள். பலகாரம் மெதுவாகத் திரும்பி, கடிபட்ட பக்கத்தை அவளுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

அக்கா தையல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். கடித்த ஓரத்தில், அந்தத் திரட்டுப்பாலில், குறுக்கும் நெடுக்குமாகத் துணியின் இழை பதிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே மிட்டாயை இரண்டு பேர் தின்ன நாம் எச்சில் படாமல் சட்டை நுனியைப் போட்டுக் கடிப்போமே, அந்தக் காக்காக் கடி.

"துண்டு போட்டுக் கடிச்சிருக்காரு," என்றாள். "பழைய துண்டு. தொவைச்சுத் தொவைச்சு இழை தேஞ்சிருக்கு."

அந்த ஊரில் காக்கா உண்டா என்று அத்தை கேட்டாள். தெரியவில்லை என்றது பலகாரம்.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எனக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில் அவள் முகம் அப்படி இருக்கும். சத்தம் போடாமல் அடுப்படிக்குப் போனேன். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சட்டியைத் துணி பிடித்துத் தூக்கி வந்து, நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுக் கதவோரம் நின்றேன். ஆவி கிளம்பியது. பிஸ்கட் ஓரம் லேசாக நமுக்க ஆரம்பித்தது.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி, அந்தச் சட்டிய எடுத்துரு."

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். முறுக்கிலிருந்தே தெரியும் என்றாள்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"அப்ப எனக்கும் பயமா இருந்துச்சு."

"இப்ப இல்லையா?"

"இப்பவும்தான். எடுத்துரு."

எடுத்தேன். துணி பிடிக்க மறந்து கை சுட்டது. முற்றத்துச் சாக்கடையில் கொட்டிவிட்டு, சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். உள்ளே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அக்கா மென்றுகொண்டிருந்தாள். உதட்டோரத்தில் தேங்காய்த் துருவல். எனக்கு முந்தி அவள் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன். அத்தை எழுந்து போய் அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தை பிறந்ததும் தபாலாபீஸுக்குப் போனோம். வெளிநாடு போகும் கல்யாணப் பெண்ணை எங்கள் ஊரில் பார்சலில்தான் அனுப்புவது. அக்கா பட்டுச் சேலை கட்டி, தையல் கண்ணாடியும் கத்தரிக்கோலும் மடியில் செருகியிருந்தாள். வேறொன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. வழியெல்லாம் மிளகாய்ப் பொடி எந்த டப்பாவில் இருக்கிறது, பால்காரருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதில் ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை.

பார்சல் கவுண்டரில் இருந்த அம்மாள் அக்காவைத் தராசில் ஏறச் சொன்னார். அக்கா எப்போதும் ஐம்பத்திரண்டு கிலோ. முள் நூற்றுப் பத்தொன்பதில் போய் நின்றது. அந்த அம்மாள் மறுபடி பார்த்தார். கூட என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கண்ணாடியும் கத்தரிக்கோலும்தான் என்று அக்கா காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். பக்கத்துத் தராசில் ஏறுங்கள் என்றார். ஏறினேன். முள் அசையவில்லை.

"சரி, உங்க கனமும் இதோட போகுது," என்று சொல்லி நூற்றுப் பத்தொன்பது என்றே படிவத்தில் எழுதி, அக்காவின் நெற்றிப் பொட்டுக்கு மேலே முத்திரை குத்தினார்.

"போயிட்டு வாரேன்டா தம்பி," என்றாள் அக்கா. நான் தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு முக்கில் காற்று என்னை இரண்டு மூன்று தடவை தூக்கியது. டீக்கடைக்காரர் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டு, அக்கா கிளம்பியாச்சா என்று விசாரித்தார். கிளம்பியாச்சு என்றேன். எங்கள் தெரு வரைக்கும் தன் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். வீட்டில் அவள் வடித்து வைத்துவிட்டுப் போன சோறு இன்னும் சூடாக இருந்தது. தட்டில் நானே போட்டுக்கொண்டு, அம்மிக்குழவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தேன்.